கடனாக மாறிய பொதுச்செலவு: அமெரிக்க ஊரகக் கால்நடை மருத்துவரும் கல்விக் கடன் தீர்ப்பும்

2003 டிசம்பர் 6 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஒரு சிறு சட்டத்தில் கையொப்பமிட்டார். தேசியக் கால்நடை மருத்துவச் சேவைச் சட்டம் என்பது அதன் பெயர். கால்நடை மருத்துவர் கிடைக்காத பகுதிகளில் பணியாற்ற உடன்படும் பட்டதாரிகளின் கல்விக் கடனை நடுவண் வேளாண் துறை அடைக்கலாம் என்பது அதன் சாரம். மிஸிஸிப்பி மாநிலத்தைச் சேர்ந்த சிப் பிக்கரிங் கீழவையில் முன்மொழிந்த சட்டம் அது. கையொப்பம் உலர்ந்து 17 நாள் கழிந்தபோது, டிசம்பர் 23 அன்று, வாஷிங்டன் மாநிலத்துக் கறவை மாடு ஒன்றில் பைத்தியப் பசு நோய் கண்டறியப்பட்டதாக வேளாண் துறை அறிவித்தது. அமெரிக்க மண்ணில் அந்நோய் தென்பட்டது அதுவே முதன்முறை. ஜப்பான், தென்கொரியா உள்ளிட்ட பல நாடுகள் அமெரிக்க மாட்டிறைச்சிக்குக் கதவடைத்தன.

கால்நடை மருத்துவர் இல்லாத ஊர் நாட்டுக்கே ஆபத்து என்னும் வாதத்திற்கு இதைவிட வலுவான சான்று கிடைத்திருக்க முடியாது. ஆயினும் அச்சட்டத்தின்கீழ் விண்ணப்பங்கள் வரவேற்கப்பட்டது 2010ஆம் ஆண்டில்தான். நடுவே ஏழாண்டுகள் கடந்தன. நிர்வாகத்தின் மெத்தனம் இத்தாமதத்தின் ஒரு பகுதியை விளக்கும், முழுவதையும் விளக்காது. ஊரகக் கால்நடை மருத்துவரை உருவாக்கும் செலவை யார் ஏற்பது என்னும் கேள்விக்கு அமெரிக்கா ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அளித்துவந்த விடை மாறியதே இதன் ஆழ்ந்த காரணம். தொடக்கத்தில் அச்செலவு பொதுச்செலவாக இருந்தது. பின்னர் அது மாணவரின் சொந்தக் கடனாயிற்று. இன்று கடன் தீர்ப்பு எனப்படுவது, அக்கடனில் ஒரு சிறு பங்கைச் சிலரிடமிருந்து மட்டும் அரசு திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடாகும்.

*நோய் உருவாக்கிய தொழில்*

கால்நடை மருத்துவக் கல்வி தோன்றியதே அரசின் தேவையால்தான். ஐரோப்பாவில் வெக்கை நோய் மாட்டு மந்தைகளை அழித்துக்கொண்டிருந்த காலத்தில், 1762இல் பிரான்சின் லியோன் நகரில் குளோட் பூர்ஜெலா முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைத் திறந்தார். மந்தை அழிந்தால் ஏரும் இல்லை, பாலும் இல்லை, படைக்கு இறைச்சியும் இல்லை என்பதை அரசவை உணர்ந்திருந்தது.

அமெரிக்காவிலும் அதே பாடம் வேறு வழியில் கற்கப்பட்டது. 1843இல் கப்பலில் வந்திறங்கிய ஒரு பசுவின் வழியாக மாடுகளின் நுரையீரலைத் தாக்கும் கொடிய தொற்றுநோய் நியூயார்க்கின் புரூக்ளினுக்குள் நுழைந்தது. அது அடுத்த நாற்பதாண்டுகளில் கிழக்குக் கரையோர மாநிலங்களில் பரவிற்று. ஒரு மாநிலம் நோயுற்ற மாட்டைக் கொன்றால் அடுத்த மாநிலத்திலிருந்து நோய் மீண்டும் வந்தது. 1884இல் அமெரிக்கக் காங்கிரஸ், வேளாண் துறைக்குள் கால்நடைத் தொழில் பணியகத்தை நிறுவியது. அதன் தலைவராக டேனியல் சால்மன் அமர்ந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1876இல் பட்டம் பெற்ற அவர், அமெரிக்கக் கல்வி நிலையம் ஒன்று வழங்கிய முதல் கால்நடை மருத்துவ முனைவர் பட்டத்துக்கு உரியவர். எட்டே ஆண்டுகளில், 1892இல், அந்நுரையீரல் நோய் அமெரிக்காவிலிருந்து முற்றாக ஒழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும், டெக்சஸ் காய்ச்சல் உண்ணிகளால் பரவுகிறது என்பதை நிறுவி ஆய்வு முடிவுகளை வெளியிட்டனர். கணுக்காலி ஒன்று பாலூட்டிகளுக்கு நோயைக் கடத்துகிறது என்பதற்கு உலக மருத்துவ வரலாற்றில் இதுவே முதல் உறுதியான சான்றுகளுள் ஒன்று.

இப்பணிகளைச் செய்தவர்களை உருவாக்கிய கல்வி எங்கிருந்து வந்தது என்பது இங்கே முக்கியமானது. 1862ஆம் ஆண்டின் மோரில் சட்டம், கூட்டரசுக்குச் சொந்தமான நிலங்களை மாநிலங்களுக்கு வழங்கி, அவற்றை விற்றுவரும் பணத்தில் வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவச் சொன்னது. அந்நிலங்கள் தொல்குடிகளிடமிருந்து பறிக்கப்பட்டவை என்பதையும் உடன்சேர்த்தே இவ்வரலாற்றைப் படிக்க வேண்டும். அந்நிலக்கொடையில் எழுந்த கார்னெல், 1868இல் தன் வாயிலைத் திறந்தபோதே ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் லாவைக் கால்நடை மருத்துவப் பேராசிரியராக அமர்த்தியிருந்தது. 1879இல் அயோவா மாநிலக் கல்லூரி முதல் பொதுத்துறைக் கால்நடை மருத்துவப் பள்ளியைத் தொடங்கிற்று. மாணவர் செலுத்திய கட்டணம், அக்கல்வியின் உண்மையான செலவில் ஒரு சிறு பகுதி மட்டுமே. மீதியை நிலமும் வரியும் ஏற்றன.

அக்காலத்தவர் இதைச் சலுகையாகக் கருதவில்லை. தொற்றுநோய் வேலி பார்த்து நிற்பதில்லை. ஒரு பண்ணையில் மருத்துவர் நோயை உரிய நேரத்தில் கண்டறிந்தால், கட்டணம் செலுத்துபவர் அப்பண்ணையாளர் ஒருவரே. பயன்பெறுவோரோ பக்கத்துப் பண்ணையார் முதல் நகரத்தில் பால் வாங்கும் தாய் வரை பலர். பயன் பலருக்குப் போகும் சேவைக்குத் தனியொருவர் தரும் கட்டணம் போதாது என்பது அன்றைய ஆட்சியாளர் அறிந்திருந்த எளிய கணக்கு.

*குதிரை போயிற்று, பரிசோதனை வந்தது*

பொதுத்துறைக் கல்லூரிகளுக்கு இணையாக, நகரங்களில் தனியார் கல்லூரிகளும் தழைத்தன. சிகாகோ, கேன்சஸ் சிட்டி, வாஷிங்டன் போன்ற இடங்களில் இயங்கிய அவை குதிரை மருத்துவர்களை உருவாக்கின. டிராம் வண்டியும் சரக்கு வண்டியும் குதிரையால் ஓடிய காலம் அது. 1910களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சேர்ந்து சுமார் 2.6 கோடி இருந்தன. மோட்டார் வாகனமும் டிராக்டரும் வந்த பின்னர் அத்தொகை சரிந்து, 1960இல் ஏறத்தாழ 30 இலட்சத்திற்கு இறங்கிற்று. சந்தையை மட்டுமே நம்பிய தனியார் கல்லூரிகள் 1920களின் இறுதிக்குள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எஞ்சி நின்றவை பெரும்பாலும் நிலக்கொடைக் கல்லூரிகளே.

அக்கல்லூரிகளிலிருந்து வெளிவந்தவர்களுக்கு ஊரில் பிழைப்பு எப்படிக் கிடைத்தது? விடையின் ஒரு பாதி பண்ணையாளரின் பணப்பை. மறுபாதி அரசின் நோய் ஒழிப்பு இயக்கங்கள். 1917இல் மாட்டுக் காசநோய் ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. 1934இல் கன்று வீச்சை உண்டாக்கும் புரூசெல்லோசிஸ் நோய்க்கு எதிரான இயக்கம் தொடங்கிற்று. கோடிக்கணக்கான மாடுகளைச் சோதிக்க வேண்டியிருந்ததால், அரசு தன் ஊழியர்களோடு ஊர்களில் தனித்தொழில் செய்த மருத்துவர்களையும் அங்கீகரித்து, சோதனைப் பணியை அவர்களிடம் ஒப்படைத்துக் கட்டணம் வழங்கியது. கன்று ஈனும்போது சிக்கல் வந்தால் நள்ளிரவில் வரும் மருத்துவரின் குடும்பச் செலவில் ஒரு பங்கை, பகலில் அவர் செய்த காசநோய்ச் சோதனை ஈட்டித் தந்தது. ஊரகக் கால்நடை மருத்துவரைத் தன்னுழைப்பில் நின்ற தனிமனிதராகச் சித்திரிக்கும் நினைவுக் குறிப்புகள் இவ்வருவாயைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

இவ்வியக்கங்கள் வென்றன. காசநோய் அருகிற்று, புரூசெல்லோசிஸ் பெரும்பாலான மாநிலங்களிலிருந்து விலகிற்று, கோமாரி நோய் 1929க்குப் பின் அமெரிக்காவில் தோன்றவே இல்லை. நோய் ஒழிந்ததும் சோதனை குறைந்தது. சோதனை குறைந்ததும் அவ்வருவாயும் வற்றிற்று. தன் பணியைச் செவ்வனே முடித்ததனாலேயே ஊரகக் கால்நடை மருத்துவம் தன் பொருளாதாரத் தூண் ஒன்றை இழந்தது.

*மானியத்தின் இருபதாண்டுகள்*

1960களில் கூட்டரசு மீண்டும் உள்ளே வந்தது. மருத்துவம், பல் மருத்துவம் முதலிய துறைகளுக்கென 1963இல் இயற்றப்பட்ட நலவாழ்வுத் தொழிற்கல்வி உதவிச் சட்டத்தின் பயன்கள், 1966இல் கால்நடை மருத்துவத்திற்கும் நீட்டிக்கப்பட்டன. கட்டடம் எழுப்ப மானியமும் மாணவர்க்குக் கடனும் கிடைத்தன. 1971ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. ஒவ்வொரு மாணவருக்கும் இவ்வளவு எனக் கணக்கிட்டுக் கல்லூரிக்கே நேரடியாகப் பணம் வழங்கும் தலைக்கட்டு மானியம் வந்தது. இவ்வலையில்தான் லூசியானா, டென்னஸி, புளோரிடா, மிஸிஸிப்பி, வர்ஜீனியா, வட கரோலினா ஆகிய மாநிலங்கள் புதிய கால்நடை மருத்துவக் கல்லூரிகளைத் தொடங்கின. பிக்கரிங்கின் மாநிலத்துக் கல்லூரியும் இந்த அலையில் பிறந்ததே.

பற்றாக்குறைப் பகுதி என்னும் கருத்தும் 2003இல் புதிதாகத் தோன்றியதன்று. 1976ஆம் ஆண்டின் நலவாழ்வுத் தொழிற்கல்விச் சட்டத்தைத் தொடர்ந்து கூட்டரசு வகுத்த விதிகளில், மருத்துவர், பல் மருத்துவர் ஆகியோரோடு கால்நடை மருத்துவர் பற்றாக்குறைப் பகுதியை வரையறுக்கும் அளவுகோலும் இடம்பெற்றது. ஒரு பகுதியிலுள்ள கால்நடைகளைப் பொது அலகாக மாற்றி, ஒரு மருத்துவருக்கு எத்தனை அலகு என்று கணக்கிடும் முறை அது. எங்கே மருத்துவர் இல்லை என்பதைச் சொல்வதற்கான கருவி கால்நூற்றாண்டுக்கு முன்பே அரசின் கையில் இருந்தது. அக்கருவியைப் பணத்தோடு இணைக்கும் விருப்பமே அருகிப்போயிற்று.

1980களின் தொடக்கத்தில் தலைக்கட்டு மானியம் நின்றது. மருத்துவத் தொழிலர் எண்ணிக்கை போதும், இனிப் பட்டம் பெறுபவரே அதன் விலையைத் தாங்கட்டும் என்பது ரேகன் காலத்து நிதிக்கொள்கையின் போக்கு. மாநில அரசுகளும் உயர்கல்விக்கான பங்கைத் தொடர்ந்து சுருக்கின. கல்லூரிகள் கட்டணத்தை உயர்த்தின. மாணவர்கள் கடன் வாங்கினர். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் கணக்கெடுப்புகளின்படி, 2010களின் இறுதியில் ஒரு புதிய பட்டதாரியின் சராசரிக் கல்விக் கடன் சுமார் 1,50,000 டாலரை எட்டியிருந்தது. கடனே இல்லாதவர்களையும் சேர்த்துப் போட்ட சராசரி இது. மனித மருத்துவரும் ஏறக்குறைய இதற்கிணையான கடனோடு வெளிவருகிறார். ஆனால் அவருக்குக் காத்திருக்கும் வருவாய் கால்நடை மருத்துவரின் வருவாயைவிட மிக அதிகம்.

*ஊர் மாறிய கதை*

கடன் மட்டுமே மருத்துவரை ஊரிலிருந்து விரட்டிற்று என்று கொள்வது பாதி உண்மை. அதே காலத்தில் ஊரும் மாறிக்கொண்டிருந்தது. 1935இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 68 இலட்சம் பண்ணைகள் இருந்தன. 2022ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பில் அவை 19 இலட்சமாகச் சுருங்கியிருந்தன. பால் பண்ணைகளின் வீழ்ச்சி இன்னும் கடுமையானது. 1970இல் சுமார் 6.5 இலட்சம் பண்ணைகளில் கறவை மாடுகள் இருந்தன. 2022இல் பால் விற்ற பண்ணைகள் 25,000க்கும் கீழ். கோழி வளர்ப்பும், பின்னர் பன்றி வளர்ப்பும், பெருநிறுவனங்களின் ஒப்பந்த முறைக்குள் சென்றன. அந்நிறுவனங்கள் தமக்கென மருத்துவர்களை அமர்த்திக்கொண்டன. நோயுற்ற ஒற்றைப் பன்றிக்கு மருத்துவரை அழைக்கும் பண்ணையாளர் அருகிவிட்டார். ஒரு கோட்டத்தில் இருபது மைலுக்கு ஒரு மருத்துவர் பிழைக்கப் போதுமான பண்ணைகள் இருந்த நிலை மாறி, அறுபது மைல் வண்டி ஓட்டினாலும் நாளொன்றுக்குச் சில பண்ணைகளே கிடைக்கும் நிலை பல இடங்களில் உருவாயிற்று.

மறுபுறம், நகரத்தின் நாய்க்கும் பூனைக்கும் மருத்துவம் செய்வது முறையான வேலைநேரமும் நல்ல வருவாயும் கொண்ட தொழிலாக வளர்ந்தது. கடன் மிகுந்த பட்டதாரி எந்தப் பக்கம் சாய்வார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இப்பற்றாக்குறைக்குப் பெண்களைக் காரணமாக்கும் பேச்சு ஒன்றும் அமெரிக்க விவாதங்களில் நெடுநாள் உலவிற்று. 1980களில் மாணவியர் எண்ணிக்கை மாணவர் எண்ணிக்கையை எட்டி, இன்று பத்தில் எட்டு இடங்களைப் பெண்களே பெறுகின்றனர். பெண்கள் பெரிய விலங்குகளைக் கையாள மாட்டார்கள் என்பது அப்பேச்சின் வாதம். கால வரிசை இதை ஆதரிக்கவில்லை. பண்ணைகளின் சுருக்கமும் செல்லப்பிராணி மருத்துவத்தின் எழுச்சியும், வகுப்பறையில் ஆண்களே நிரம்பியிருந்த பத்தாண்டுகளிலேயே தொடங்கிவிட்டன. ஊரைவிட்டு நகர்ந்த முதல் தலைமுறை மருத்துவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

*சட்டம் நடைமுறையான விதம்*

2001இல் பிரிட்டனைத் தாக்கிய கோமாரி நோயில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. அதே ஆண்டின் இலையுதிர்காலத்தில் அமெரிக்காவில் அஞ்சல் உறைகளில் ஆந்த்ராக்ஸ் கிருமி அனுப்பப்பட்டது. கால்நடை நோயும் நாட்டுப் பாதுகாப்பும் ஒரே வாக்கியத்தில் பேசப்பட்ட இச்சூழலில்தான் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது.

சட்டம் பிறந்தது, பணம் பிறக்கவில்லை. 2006 நிதியாண்டில் முதன்முதலாக ஒதுக்கப்பட்ட தொகை 5 இலட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. அச்சராசரிக் கடன்களோடு ஒப்பிட்டால், ஒருசிலரின் கடனை அடைக்கவே அது போதும். தொடக்க ஒதுக்கீட்டை வேளாண் துறை தன் இறைச்சி ஆய்வுப் பிரிவின் வழியாகப் பயன்படுத்த முற்பட்டது. அப்பிரிவிலும் மருத்துவர் பற்றாக்குறை இருந்தது மெய்யே. ஆனால் ஊருக்கென இயற்றிய சட்டத்தின் பணம் இறைச்சிக்கூடத்திற்குப் போவதைக் காங்கிரஸ் ஏற்கவில்லை. 2008ஆம் ஆண்டு வேளாண் சட்டம் அம்மாற்றத்தைத் தடுத்ததோடு, விதிமுறைகளை வகுக்கக் காலக்கெடுவும் விதித்தது. 2009 பிப்ரவரியில் அரசின் தணிக்கை அமைப்பு, விலங்கு நலத்தையும் பொது நலவாழ்வையும் காக்கப் போதிய கால்நடை மருத்துவர்கள் உள்ளனரா என்பதைக் கூட்டரசு முழுமையாக மதிப்பிடவே இல்லை என்று அறிக்கை தந்தது. 2010இல், சுமார் 48 இலட்சம் டாலர் ஒதுக்கீட்டோடு, திட்டம் உயிர்பெற்றது.

திட்டத்தின் அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு மாநிலத்தின் தலைமைக் கால்நடை நல அதிகாரி தம் மாநிலத்தில் மருத்துவர் இல்லாத பகுதிகளை முன்மொழிவார். அவை மூவகை. உணவுக்கான விலங்குகளின் மருத்துவத்திற்குப் பணிநேரத்தில் 80 விழுக்காடாவது செலவிட வேண்டியவை முதல் வகை. தொலைவான ஊர்ப்புறங்களில் 30 விழுக்காடு செலவிட்டால் போதும் என்பவை இரண்டாம் வகை. நோய்க்கண்காணிப்பு, உணவுப் பாதுகாப்பு போன்ற பொதுப்பணிகள் மூன்றாம் வகை. குறைந்தது 15,000 டாலர் கல்விக் கடன் உள்ள மருத்துவர் ஒருவர் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து விண்ணப்பிக்கலாம். தேர்வானவர் மூன்றாண்டுகள் அங்கே பணியாற்ற வேண்டும். தொடக்கத்தில் நிர்ணயிக்கப்பட்ட உச்சவரம்பின்படி, ஆண்டுக்கு 25,000 டாலர் வீதம் மொத்தம் 75,000 டாலர் அவர் கடன் கணக்கில் செலுத்தப்படும்.

இங்கேதான் வரலாற்று மாணவர் நின்று நோக்க வேண்டிய ஓர் உட்பிரிவு உள்ளது. இவ்வாறு அடைக்கப்படும் கடன், மருத்துவரின் வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படும். பணமே கையில் வராத ஒருவர் அதற்கு வரி கட்ட முடியாது என்பதால், அவர் சார்பாக மேலும் 39 விழுக்காட்டுத் தொகையை வேளாண் துறையே வருவாய்த் துறைக்குச் செலுத்தும் ஏற்பாடு வந்தது. பின்னர் இவ்விகிதம் 37 ஆயிற்று. தொடக்க விகிதப்படி ஒரு மருத்துவருக்கு 75,000 டாலர் கடனை அடைக்க, திட்டம் 1,04,250 டாலரைச் செலவழிக்க வேண்டும். அதில் 29,250 டாலர், அதாவது நான்கில் ஒரு பங்கிற்கும் மேல், அரசின் ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்கே திரும்பிச் செல்கிறது. ஏற்கெனவே சிறியதான ஒதுக்கீட்டில் அத்தனை மருத்துவர்கள் குறைகின்றனர்.

மனித மருத்துவத்தோடு இதை ஒப்பிடலாம். தேசிய நலவாழ்வுச் சேவைப் படை 1970ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது; 1972இல் அதற்கு உதவித்தொகைத் திட்டமும், 1987இல் கடன் தீர்ப்புத் திட்டமும் சேர்ந்தன. அதன்கீழ் அடைக்கப்படும் கடனுக்கு 2004ஆம் ஆண்டு வரிச்சட்டம் முழு விலக்கு அளித்தது. அதாவது கால்நடை மருத்துவச் சேவைச் சட்டம் கையொப்பமான அடுத்த ஆண்டே, அதே காங்கிரஸ் ஏழை ஊர்களில் பணியாற்றும் மருத்துவரின் கடன் தீர்ப்பைப் பொதுப்பணிக்கான ஈடாக ஏற்றது. கால்நடை மருத்துவரின் கடன் தீர்ப்போ தனிமனித வருவாயாகவே நின்றது. இதைத் திருத்தும் முன்வரைவுகள் இரு கட்சியினரின் ஆதரவோடும் பலமுறை அவையில் வைக்கப்பட்டன.

வரிச்சட்டத்தின் இவ்வேறுபாட்டில் ஒரு கருத்தியல் பொதிந்திருக்கிறது. மனித நோயாளியின் மருத்துவர் சமூகத்திற்குப் பணிசெய்கிறார். மாட்டின் மருத்துவர் மாட்டுக்காரருக்குப் பணிசெய்கிறார் என்பதே அது. 1884இல் கால்நடைத் தொழில் பணியகத்தை நிறுவியவர்கள் இப்பிரிவினையை ஏற்றிருக்க மாட்டார்கள்.

*மூன்றாண்டுகளுக்கு அப்பால்*

திட்டத்தின் மீதான எதிர்வாதங்களையும் நேர்மையாகக் கருத வேண்டும். 2013இல் தேசிய ஆராய்ச்சிக் குழு கால்நடை மருத்துவப் பணியாளர் தேவை பற்றி வெளியிட்ட அறிக்கை, நாடு முழுவதற்குமான பரந்த பற்றாக்குறைக்குச் சான்று குறைவு என்றது. குறிப்பிட்ட பணிகளிலும் இடங்களிலும் வெற்றிடம் உண்டு. ஆனால் சில ஊர்களில் ஒரு மருத்துவரைத் தாங்கும் அளவுக்கு வருவாயே இல்லை என்பது அவ்விவாதத்தின் மையம். இவ்வாதத்தின்படி, மூன்றாண்டுக் கடன் தீர்ப்பு மருத்துவரை ஊருக்கு அழைத்து வரலாம்; நான்காம் ஆண்டில் அவரை அங்கே இருத்தும் ஆற்றல் அதற்கு இல்லை.

மாநிலங்கள் சில வேறு வழிகளை முயன்றன. கேன்சஸ் மாநிலம் 2006இல் தொடங்கிய திட்டம், மாணவர் கல்லூரிக்குள் நுழையும்போதே அவரைத் தேர்ந்தெடுக்கிறது. தொடக்க விதிகளின்படி ஆண்டுக்கு 20,000 டாலர் கடனாக வழங்கி, பட்டத்திற்குப் பின் 35,000க்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட மாவட்டமொன்றில் நான்காண்டுகள் பணியாற்றினால் அக்கடனைத் தள்ளுபடி செய்தது. கூட்டரசின் திட்டம் கடனாளியானவரைத் தேடிச்சென்று மீட்கிறது. கேன்சஸ் திட்டமோ ஊருக்குச் செல்லவிருப்பவரைக் கடன் பெருகும் முன்பே அடையாளம் காண்கிறது. ஆண்டுக்கு ஐந்து மாணவர் என்ற அளவில் அது தொடங்கியது சிறிதே. ஆயினும் செலவைத் தொடக்கத்திலேயே பொதுப்பணம் ஏற்பது என்னும் பழைய கோட்பாட்டுக்கு அது நெருக்கமானது. டெக்சஸில் 2021இல் அமரில்லோ நகரில் முதல் வகுப்பைத் தொடங்கிய டெக்சஸ் டெக் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் பள்ளி, ஊர்ப்புறப் பணியையே தன் நோக்கமாக அறிவித்தது. அம்மாநிலத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் எழுந்த இரண்டாவது கால்நடை மருத்துவக் கல்லூரி அது.

*இந்தியாவிலிருந்து நோக்கினால்*

இந்தியாவில் இக்கதை வேறு தடத்தில் சென்றது. லாகூரில் 1882இலும், பம்பாயில் 1886இலும், வங்காளத்தில் 1893இலும், சென்னையில் 1903இலும் காலனிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளை நிறுவிற்று. 1889இல் புனேயில் தொடங்கி 1893இல் முக்தேஸ்வருக்கு மாறிய பேரரசு நுண்ணுயிரியல் ஆய்வகம் வெக்கை நோயை மையமாகக் கொண்டது. விடுதலைக்குப் பின் 1954இல் தொடங்கிய வெக்கை நோய் ஒழிப்புத் திட்டம், 1995இல் கடைசி நோய்த்தாக்குதலைக் கண்டு, 2006இல் உலக அங்கீகாரம் பெற்றது. ஊர் ஊராகச் சென்று தடுப்பூசி போட்டவர்கள் அரசு ஊதியத்தில் இருந்த மருத்துவர்களும் கால்நடை ஆய்வாளர்களும். இங்கே ஊரகக் கால்நடை மருத்துவர் என்றாலே பெரும்பாலும் அரசு மருந்தக மருத்துவர்தான். அவர் ஊருக்குச் செல்வது கடன் தீர்ப்பால் அன்று, பணியிட ஆணையால்.

ஆகவே அமெரிக்கத் திட்டத்தை இங்கே அப்படியே நகலெடுக்கக் கோருவது பொருந்தாது. 1976ஆம் ஆண்டுத் தேசிய வேளாண் ஆணையம் 5,000 கால்நடை அலகுகளுக்கு ஒரு மருத்துவர் என்ற இலக்கைப் பரிந்துரைத்தது. அவ்விலக்கை எட்டாத இடங்களில் முதற்கேள்வி, அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் ஏன் நிரப்பப்படவில்லை என்பதே. ஆனால் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்துவருகிறது. 2001இல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டத்திற்குப் பின் கல்விக் கடன் நடுத்தரக் குடும்பங்களின் வழக்கமாயிற்று. சில மாநிலங்களில் தனியார் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் எழுந்துள்ளன. உயர்கட்டணம் செலுத்திப் படித்தவர் அரசுப் பணி கிடைக்காதபோது எங்கே செல்வார் என்பதற்கு, அமெரிக்காவின் 1980கள் ஒரு முன்மாதிரியைக் காட்டுகின்றன. கடனோடு வருபவர் நாயும் பூனையும் உள்ள நகரத்தை நோக்கிச் செல்வார். ஆடும் மாடும் உள்ள ஊரில் வெற்றிடம் எஞ்சும். அதன் பிறகு அவரை மீட்க அரசு செலவிடும் பணம், முதலிலேயே கட்டணத்தைத் தாழ்த்தி வைப்பதற்கான செலவோடு ஒப்பிடப்பட வேண்டும். அந்த ஒப்பீட்டை அமெரிக்கா 1981இல் செய்யவில்லை.

இத்துறையில் ஆய்வு செய்ய முனையும் மாணவர்களுக்குச் சான்றுகள் குறைவில்லை. 2010 முதல் அமெரிக்க மாநிலங்கள் ஆண்டுதோறும் முன்மொழிந்த பற்றாக்குறைப் பகுதிகள், எந்த மாவட்டம், எந்த வகை, ஏன் மருத்துவர் தேவை என்னும் விவரங்களோடு பொதுப்பார்வையில் கிடைக்கின்றன. ஒரே மாவட்டம் எத்தனை முறை அப்பட்டியலுக்குத் திரும்பி வந்தது, மருத்துவர் வந்துசேர்ந்த பின்னும் திரும்பிற்றா என்பதைத் தொகுத்தால், மூன்றாண்டு ஒப்பந்தம் ஒரு ஊருக்கு எதைத் தந்தது என்பதை ஊகத்தால் அன்றி ஆவணத்தால் சொல்ல முடியும். இந்திய மாநிலங்களின் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டறிக்கைகளில் காலிப் பணியிடக் கணக்குகளை அதே வழியில் வாசிக்கலாம். இரண்டையும் அருகருகே வைத்தால், ஊதியத்தால் ஊருக்கு அனுப்பும் முறையும் கடனால் ஊருக்கு ஈர்க்கும் முறையும் எங்கெங்கே ஒரே இடத்தில் தோற்றன என்பது தெளிவாகும்.